மோதிர விரல்

சமையலறைச் சுவரில் தொங்கிய காலண்டரில் அந்த மாதத்துக்கு மட்டும் அம்மா மூன்று பேனாக்களை எடுத்துக்கொண்டாள். நாடகத்துக்கு நீலம், தேவாலயத்துக்குச் சிவப்பு, கராத்தேவுக்குப் பச்சை. எழுதி முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது வெள்ளையாக மிஞ்சியவை நாலே நாலு கட்டங்கள்தான்.

"இந்த நாலு நாளாவது எங்ககூட உக்காந்து சாப்பிடுவியா, இல்ல அதுக்கும் நான் டோக்கன் வாங்கி வரிசையில நிக்கணுமா?" என்றாள். ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். டோக்கனும் வரிசையும் அவள் பேச்சில் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"அந்த நாலு நாள்ல படிக்கணும்மா."

"ஓ, படிப்பு வேற இருக்கா?" என்றார் அப்பா, செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து. "நான் மறந்தே போயிட்டேன்."

வீட்டில் மகளுக்குப் பம்பரம் என்று பெயர். கல்லூரியில் புள்ளியியல் இரண்டாம் ஆண்டு. யார் எதைக் கேட்டாலும் 'முடியாது' என்று சொல்லிப் பழக்கமில்லாதவள். நாடகக் குழுவில் ஆள் குறைகிறதா, சரி. பாடகர் குழுவில் தனியாக ஒரு சரணம் பாட வேண்டுமா, சரி. மாதக் கடைசியில் கறுப்பு பெல்ட் தேர்வா, அதற்கும் சரி. "எப்படித்தான் எல்லாத்தையும் சமாளிக்கிறியோ!" என்று யாராவது சொல்லும்போது அவளுக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்காரும். அந்த வார்த்தைக்காகவே பாதி ஓடினாளோ என்று பின்னால் அவளுக்கே சந்தேகம் வந்தது.

எங்கே ஓடினாலும் கூடவே ஓட ஒருத்தி இருந்தாள். ஆறாம் வகுப்பிலிருந்தே தோழி. பிறரைவிட ஒரு தலை உயரம் என்பதால் பள்ளியில் ஒட்டகச்சிவிங்கி என்று கூப்பிட ஆரம்பித்து, அது தேய்ந்து சிவிங்கி ஆகிவிட்டது. "சிவிங்கின்னா வேற மிருகம்டி. சிறுத்தை மாதிரி, வேகமா ஓடும்" என்று அவள் எல்லோரிடமும் திருத்திச் சொல்வாள். யாரும் நம்புவதில்லை. கராத்தேயில் இருவருக்கும் ஒரே நிற பெல்ட். தேவாலயத்தில் பம்பரம் பாடுவாள், சிவிங்கி கீபோர்டு வாசிப்பாள். எட்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சபை பாடியதெல்லாம் சிவிங்கியின் பத்து விரல்களின் மேல் ஏறித்தான்.

அது நடந்தது முதல் வாரத்துப் புதன்கிழமை மாலை.

கராத்தே வகுப்பு தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த கூடத்தில் நடக்கும். ஞாயிறுகளில் அங்கே நாற்காலிகள்; மற்ற நாட்களில் அவற்றைச் சுவரோரம் அடுக்கிவிட்டுப் பாய் விரித்துக்கொள்வார்கள். பயிற்சி தருகிற மாஸ்டர் பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் பெண்மணி. கண் பார்வையை அளந்து அளந்து பழகியதாலோ என்னவோ, யார் எங்கே தப்பாகக் கால் வைத்தாலும் கூடத்தின் மறுகோடியிலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். அன்று அவர் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பெல்ட் கட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். பம்பரமும் சிவிங்கியும் ஒரு மூலையில் ஜோடிப் பயிற்சி. ஒருத்தி சுழற்றி உதைக்க வேண்டும், மற்றவள் தடுக்க வேண்டும். பத்து இந்தப் பக்கம், பத்து அந்தப் பக்கம். தூக்கத்திலும் செய்கிற பயிற்சி.

பம்பரத்தின் கால் உதைத்துக்கொண்டிருந்தது. மனசு நாடகத்தில் இருந்தது. அதில் அவளுக்கு நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர் வேடம். வருடக்கணக்காகப் பிறர் சொன்ன பொய்களை ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதி வைத்த ஒரு பெண். மூன்றாவது காட்சியில் அவளுக்கு நீளமான வசனம் ஒன்று. 'அன்று நான் கேட்டுக்கொண்டிருந்தேனா, இல்லை எழுதிக்கொண்டு மட்டும் இருந்தேனா?' என்ற வரிக்கு அடுத்த வரி அவளுக்கு நினைவில் நிற்கவே மாட்டேன் என்றது. ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய் எண்ணிக்கொண்டிருக்க, அடியில் அந்த வரி ஓடியது. கேட்டுக்கொண்டிருந்தேனா... எழுதிக்கொண்டு... ஏழாவது உதைக்குப் பிறகு சிவிங்கி, "நில்லு, பெல்ட் அவுந்துடுச்சு" என்று சொன்னாள். சொல்லிவிட்டு வலது கையை விரித்து முன்னால் நீட்டினாள்.

எட்டாவது உதை அந்தக் கையின் மேல் போய் விழுந்தது.

சத்தம் பெரிதாக ஒன்றுமில்லை. காய்ந்த குச்சி ஒன்றை ஒடித்தால் வருகிற அளவுதான். சிவிங்கி கத்தவில்லை, தன் கையையே யாருடையதோ போலப் பார்த்தாள். மோதிர விரல் கோணிக்கொண்டு நின்றது.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து, கட்டுப் போட்டு, "ஆறு வாரம் அசைக்கக் கூடாது" என்றார்கள். கையுறையைக்கூடக் கழற்றாமல் பரிசோதனைக் கூடத்திலிருந்து அம்மா ஓடி வந்தாள். சிவிங்கி வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டே, "ஆன்ட்டி, உங்க பொண்ணுக்குக் கறுப்பு பெல்ட் இப்பவே குடுத்துடலாம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். "விளையாட்டுல இதெல்லாம் சகஜம்மா" என்றார் சிவிங்கியின் அப்பா. மாஸ்டர் தோளில் தட்டிக்கொடுத்தார். யாருமே ஒரு வார்த்தை திட்டவில்லை. யாராவது திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது பம்பரத்துக்கு.

ஏனென்றால் 'நில்லு' என்று சொன்னது அவள் காதில் விழுந்திருந்தது. விழுந்தது, உள்ளே போகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கீபோர்டு துணி மூடிக் கிடந்தது. பாடகர் குழுவின் தலைவி, பாதி ஆயுளைப் பள்ளிக்கூட மணியடித்தே கழித்தவர், சுருதியைத் தானே பிடிக்கிறேன் பேர்வழி என்று ஏகத்துக்கு மேலே பிடித்துவிட்டார். இரண்டாவது சரணத்தில் ஆண்கள் கைவிட்டார்கள். மூன்றாவதில் பெண்கள் கீச்சிட்டார்கள். நான்காவதைப் போதகரே பெருந்தன்மையாக விட்டுவிடலாம் என்று சைகை காட்டினார். பிறகு, "விபத்தில் காயம்பட்ட நம் சகோதரிக்காக ஜெபிப்போம்" என்றார். எல்லோரும் தலை குனிந்தார்கள். பம்பரமும் குனிந்தாள். விபத்து என்ற அந்த வார்த்தைக்குப் பின்னால், ஜெபத்தில்கூடத் தான் ஒளிந்துகொண்டிருப்பதுபோல் இருந்தது.

மறுநாள் நாடக ஒத்திகைக்குப் போகும் வழியில் பேருந்திலிருந்து இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கினாள்.

சிவிங்கியின் அப்பா சலவைக் கடை வைத்திருந்தார். கீழே கடை, மேலே வீடு. படியேறும்போதே இஸ்திரிப் பெட்டியின் ஆவியும் சோப்பு வாசனையும் கூடவே ஏறி வரும். சிவிங்கி சன்னலோரம் உட்கார்ந்து இடது கையால் நோட்டில் கிறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பாருடி, ஒண்ணாங் கிளாஸ் புள்ள எழுதின மாதிரி இருக்கு" என்று காட்டினாள்.

பம்பரம் உட்காரவில்லை. நின்றபடியே சொல்லிவிட்டாள். "அன்னிக்கு நீ நில்லுன்னு சொன்னது எனக்குக் கேட்டுச்சு."

"என்னது?"

"கேட்டுச்சுடி. ஆனா நான் அங்க இல்ல. மனசுக்குள்ள டயலாக் ஓட்டிக்கிட்டு இருந்தேன். நீ கையை நீட்டினதைக்கூடப் பார்த்தேன். பார்த்தும் உதைச்சிட்டேன்."

சிவிங்கி நோட்டை மூடினாள். அவள் முகத்தில் இத்தனை நாள் இருந்த சிரிப்பு, கடைக்காரர் ஷட்டரை இழுத்துவிடுவதுபோல் மளமளவென்று இறங்கியது.

"எத்தனை நாளா இப்படி?"

"எப்படி?"

"என்கூட இருக்கும்போது இல்லாம இருக்கறது."

பம்பரம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"போன மாசம் எங்க அம்மா ஆபரேஷன் பத்தி உன்கிட்ட ஒரு மணி நேரம் பேசினேன். 'ம்ம், ம்ம்'னு சொன்ன. அடுத்த வாரமே 'ஆன்ட்டி எப்படி இருக்காங்க, பாக்கவே முடியலயே'ன்னு கேட்ட. மறந்துட்ட போலன்னு விட்டுட்டேன். மறக்கல நீ. கேக்கவே இல்ல." குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "விரல் உடைஞ்சது வலிக்குது, ஆனா அது சரியாயிடும்டி. இது எப்படி சரியாகும்னு எனக்குத் தெரியல. நீ கிளம்பு."

"நான் பெல்ட் தேர்வுக்குப் போகல. உன்னால கலந்துக்க முடியாதப்ப நான் மட்டும்..."

"அதையும் நாடகமா ஆக்காத" என்றாள் சிவிங்கி. "நீ விட்டுட்டுப் போய், அதுக்கும் நான் காரணமா இருக்கணுமா? போடி."

அன்று ஒத்திகையில் அவள் ஒரு வரியைக்கூட ஒழுங்காகச் சொல்லவில்லை. இயக்குநர், மூன்றாம் ஆண்டு மாணவர், எப்போதும் கழுத்தில் ஒரு விசில் தொங்கும், ஒருமுறை ஊதினார், இருமுறை ஊதினார், பிறகு விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்து அவள் சமையலறைக் காலண்டர் முன்னால் நின்றாள். ஒவ்வொரு கட்டத்திலும் தான் இருந்திருக்கிறோம், ஆனால் எந்தக் கட்டத்தில் முழுதாக இருந்தோம் என்று யோசித்துப் பார்த்தாள். நீலத்தில் நிற்கும்போது பச்சையை நினைத்திருக்கிறாள், பச்சையில் சிவப்பை. தேவாலயத்தில் பிரசங்கத்தின்போது புள்ளியியல் வீட்டுப்பாடம். வெள்ளைக் கட்டங்களில் அம்மாவுடன் சாப்பிட்டபோது என்ன பேசினோம் என்று எவ்வளவு முயன்றும் ஞாபகம் வரவில்லை.

"என்ன, கட்டம் பத்தலையா?" என்றாள் அம்மா.

"அம்மா, நான் உன் பேச்சைக் கேக்கறேனா?"

அம்மா கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். வழக்கமான கிண்டல் வாய்வரை வந்து திரும்பிப் போனது தெரிந்தது. "தலையாட்டுவ" என்றாள். அவ்வளவுதான். மறுபடி அடுப்பைப் பார்த்துக்கொண்டாள்.

மூன்று நாள் கழித்து வியாழக்கிழமை காலையில் சிவிங்கியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'ஞாயித்துக்கிழமைக்கு ஒரு வலது கை வேணும். அஞ்சு மணிக்கு சர்ச்சுக்கு வா.'

ஐந்து மணிக்கு ஒத்திகை. பம்பரம் இயக்குநரிடம் போய், "அண்ணா, இனிமே நான் ஆறரைக்குத்தான் வர முடியும்" என்றாள். "நாடகத்துக்கு எட்டே நாள்தான் இருக்கு, தெரியுமா?" என்றார். தெரியும் என்றாள். "அப்ப வேற ஆளைப் போடட்டுமா?" என்று மிரட்டிப் பார்த்தார். அவள் சற்று யோசித்து, "போடறதுன்னா போடுங்க அண்ணா. நான் அஞ்சு மணிக்கு வர முடியாது" என்றாள். அப்படிச் சொன்னபின் காது சூடாகிவிட்டது. முடியாது என்று ஒருவரிடம் சொல்வது இவ்வளவு கஷ்டமா என்று இருந்தது. அவர் வேறு ஆளைப் போடவில்லை. ஆனால் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவுமில்லை.

காலியான தேவாலயத்தில் ஒரே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். சிவிங்கியின் கட்டுப்போட்ட வலது கை மடியில் கிடந்தது. இடது கை அடிச்சுரங்களுக்கு. மெட்டு வாசிக்க வேண்டியது பம்பரத்தின் வலது கை. எட்டு வருடம் பாடியதால் மெட்டுகள் தெரியும், ஸ்வரக் குறிப்பும் படிப்பாள், ஆனால் விரலுக்கு எதுவும் தெரியாது. மூன்று பாட்டு, மூன்று நாள். சிவிங்கி தேவையானதைத் தவிர எதுவும் பேசவில்லை. "கட்டைவிரலைக் கீழ விடு." "அவசரப்படாத." பம்பரத்தின் கவனம் சற்று நழுவினால்கூட அவளுக்குத் தெரிந்துவிடும், உடனே இடது கையை எடுத்துவிடுவாள். இசை அப்படியே நொண்டியாக நிற்கும்.

"போயிட்ட" என்பாள்.

"வந்துட்டேன்."

"மறுபடி முதல்லேர்ந்து."

முதல் நாள் எத்தனை தடவை 'போயிட்ட' என்று கேட்டாள் என்பதற்குக் கணக்கில்லை. இரண்டாம் நாள் கொஞ்சம் குறைந்தது. மூன்றாம் நாள், ஒரு பாட்டின் நடுவே, பம்பரம் தானாகவே கையை எடுத்துவிட்டு, "போயிட்டேன்" என்றாள்.

சிவிங்கி திரும்பிப் பார்த்தாள். "எங்க?"

"உங்க அம்மாகிட்ட. ஆபரேஷனுக்கு அப்புறம் எப்படி இருக்காங்கன்னு நான் இன்னும் கேக்கவே இல்லியே."

சிவிங்கி இடது கையையும் கட்டைகளிலிருந்து எடுத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். தையல் பிரித்தது, அம்மா படியேற முடியாமல் கீழே கடையிலேயே துணிமூட்டைகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டது, யாரோ வாடிக்கையாளர் மூட்டை என்று நினைத்து மேலே பையை வைத்துவிட்டது. அதைச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பின் பாதியில் அழுகையும் வந்தது. பம்பரம் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று மூன்றாவது பாட்டை அவர்கள் பயிற்சி செய்யவே இல்லை.

அதனால் ஞாயிறன்று மூன்றாவது பாட்டில் இரண்டு இடத்தில் தப்பு வந்தது. ஓர் இடத்தில் சபை ஒரு மெட்டிலும் கீபோர்டு வேறு மெட்டிலும் போய், போதகர் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தார். முடிந்தபின் பாடகர் குழுத் தலைவி வந்து, "ரெண்டு பேர் வாசிச்சா ரெண்டு மடங்கு நல்லா இருக்கும்னு நெனச்சேன்மா" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "போன வாரம் நான் பாடினதுக்கு இது எவ்வளவோ மேல்" என்று தானே சேர்த்துக்கொண்டார்.

நாடகம் மூன்றாவது வாரத்து வெள்ளிக்கிழமை நடந்தது. மேடையில் விளக்கு சூடாக முகத்தில் அடித்தது. மூன்றாவது காட்சியில் அந்த வரி வந்தது. 'அன்று நான் கேட்டுக்கொண்டிருந்தேனா?' என்று தொடங்கியவள், பாதியில் நின்றுவிட்டாள். வரி மறந்துவிடவில்லை. இத்தனை நாள் மனப்பாடம் செய்தது ஒரு கேள்வி என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கேள்வி என்றால் அதற்குப் பதில் யோசிக்க வேண்டாமா? எதிரே நீதிபதி வேடத்தில் இருந்தவன், வசனத்தைத் தொலைத்துவிட்டாள் என்று நினைத்து, கண்ணாலேயே எடுத்துக்கொடுக்க முயன்றான். அவள் அவன் முகத்தைப் பார்த்தபடியே மெதுவாக மீதியைச் சொன்னாள். கூட்டத்தில் யாரோ இருமியது வரை கேட்டது.

"அந்த இடத்துல ரொம்ப நேரம் நிறுத்திட்ட" என்றார் இயக்குநர், திரை விழுந்ததும். பிறகு, "பரவாயில்ல" என்றார். அவரிடமிருந்து அது பெரிய வார்த்தை. அம்மாவும் அப்பாவும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா அவள் முகத்திலிருந்த பவுடரைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டாள்.

எல்லாம் நல்லபடியாகத் திரும்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டுதான் மாதக் கடைசிச் சனிக்கிழமை காலை தேர்வுக்குப் போனாள்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் குள்ளமான, நரைத்த தலையுடைய பெண்மணி. தனி அசைவுகளில் பம்பரம் ஒரு குறையும் வைக்கவில்லை. எதிராளியுடன் மோதும் சுற்று வந்தபோதுதான் அது நடந்தது. எதிரே முன்பின் தெரியாத ஒரு பெண். அவள் கையை உயர்த்திய கணத்தில், பம்பரத்தின் கண்ணுக்குக் கோணிய ஒரு விரல் தெரிந்தது. உதைக்கக் கால் எழும். பாதி வழியில் தானாகவே திரும்பி வந்துவிடும். மறுபடி எழும், மறுபடி திரும்பும். மூன்று நிமிடமும் அப்படியே போயிற்று. எதிரே நின்ற பெண்ணுக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது.

"ஒவ்வொரு உதையையும் பாதியிலயே திருப்பி எடுத்துக்கறே" என்றார் தேர்வாளர். "கட்டுப்பாடுன்னா அது இல்லம்மா. எதிர்ல நிக்கறவங்களை நீ பார்க்கவே இல்ல. வேற எதையோ பார்த்துக்கிட்டு இருந்த. ஆறு மாசம் கழிச்சு வா."

உடை மாற்றும் அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தோற்றதைவிட அந்தக் கடைசி வாக்கியம்தான் சுட்டது. முன்பு கவனமில்லாமல் அங்கே இல்லை. இப்போது பயத்தினால் அங்கே இல்லை. காரணம் மாறியிருக்கிறதே தவிர, இல்லாமல் போனது என்னவோ ஒன்றுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது கூடம் ஏறக்குறையக் காலியாகியிருந்தது. மாஸ்டர் வாசலில் நின்று தேர்வாளரை வழியனுப்பிக்கொண்டிருந்தார். சிவிங்கி ஒற்றைக் கையால் பாய்களைச் சுருட்டப் பார்த்து, சுருட்டியது திரும்பத் திரும்ப விரிந்து, அதோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஃபெயில்" என்றாள் பம்பரம்.

"பார்த்தேன். இங்கதான உக்காந்திருந்தேன்." பாயைக் காலால் தள்ளிவிட்டு அவள் நடுவில் வந்து நின்றாள். கட்டுப்போட்ட கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். இடது கையையும் அதோடு சேர்த்துக்கொண்டாள். "உதை."

"பைத்தியமாடி உனக்கு?"

"காதுகிட்ட கொண்டுவந்து நிறுத்து. தொடாத. நான் தடுக்க மாட்டேன்."

"மாட்டேன்."

"அப்ப ஆறு மாசம் கழிச்சும் இதேதான் நடக்கும். உதைடி."

வாசலில் மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்வார் என்று பம்பரம் எதிர்பார்த்தாள். அவரோ இரண்டடி உள்ளே வந்து நின்றுகொண்டார்.

பம்பரம் உதைத்தாள். கால் ஒரு முழம் தள்ளியே நின்றுவிட்டது.

"அது யாருக்கு? சுவத்துக்கா?"

இரண்டாவது முறை ஒரு சாண் தள்ளி நின்றது. சிவிங்கி உதட்டைப் பிதுக்கினாள். பம்பரம் காலை ஊன்றி மூச்சு வாங்கினாள். பிறகு தோழியைப் பார்த்தாள். விரலை அல்ல, கட்டுத்துணியை அல்ல, அவளை. நெற்றியில் பாய் சுருட்டியதில் ஒட்டிய தூசி. வலது புருவத்தில் சின்ன வயதில் விழுந்த தழும்பு. உதட்டோரம் லேசாகத் துடிப்பது. தொண்டைக்குழி ஒருமுறை ஏறி இறங்கியது. இவ்வளவு கிட்டத்தில் இவ்வளவு நேரம் அவளைப் பார்த்ததே இல்லை என்று தோன்றியது. அந்த நேரத்தில் வேறெங்கும் எதுவும் ஓடவில்லை.

கால் சுழன்று வந்து சிவிங்கியின் காதோரம் ஒரு விரற்கடை இடைவெளியில் நின்றது. அந்தக் காற்றில் அவள் முடி பறந்து கன்னத்தில் விழுந்தது.

சிவிங்கி கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தாள்.

"கண்ணை மூடிட்ட!" என்றாள் பம்பரம், காலை இறக்கிவிட்டு.

"மூடாம? பயமா இருக்காதா?" சிவிங்கி ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது. "உயிரே போயிடுச்சு."

"பயமா இருந்தா எதுக்குடி வந்து நின்ன?"

சிவிங்கி முடியை ஒதுக்கிக்கொண்டாள். மறுபடி இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, இந்தத் தடவை கண்களை அகலத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னொண்ணு" என்றாள். "இந்தப் பக்கம்."